சொட்டிய எண்ணெய்

"பாவாடைக்குள்ள என்னம்மா?"

"இடுப்புதான் தம்பி!" என்றாள் தெயோலிந்தா.

"இடுப்புல எண்ணெய் சொட்டுதே!"

பரானா ஆற்றைக் கடந்து அர்ஜென்டினாவில் மலிவாக வாங்கிய சமையல் எண்ணெயைக் கடத்திக்கொண்டு பராகுவே கரையில் இறங்கியவள் வகையாக மாட்டிக்கொண்டாள். நீட்டிய பணத்தைப் புதிதாக வந்திருந்த அந்த இளம் சுங்க அதிகாரி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆறு பாட்டில்களும் பறிபோயின.

வீட்டில் மகள் மிர்த்தாவுக்கு நம்பவே முடியவில்லை. "இருபது வருஷமா ஒரு சொட்டு சிந்தாதவ நீ! இன்னிக்கு எப்படிம்மா?"

"மூடியை நான்தான்டி தளர்த்தி வச்சேன். நீ கட்டிக்கப்போறவன் லஞ்சம் வாங்குறவனான்னு பாக்க வேணாமா? அவன்தான் என்னைப் பாத்ததே இல்லையே!"

"அப்போ சம்மதமா?"

"சம்மதம். ஆனா கல்யாணச் சமையலுக்கு எண்ணெய் மாப்பிள்ளைதான் வாங்கணும். கடையில, முழு விலை குடுத்து!"