இரண்டாவது ஸ்பீக்கர்

ஒரு வருஷமாகக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீம்பு பிடித்துக்கொண்டிருந்த மனைவியைச் சமாதானப்படுத்தத்தான், கணக்கு வாத்தியார் அவளை ஸ்பீக்கர் கடைக்கு அழைத்து வந்தார். பாட்டென்றால் அவளுக்கு உயிர்.

கடைக்காரர் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை அலமாரியில் வைத்து, ஒரே பாட்டை ஒவ்வொன்றிலும் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். அதற்குள் போன் வந்ததால் வாத்தியார் வாசலுக்குப் போனார். திரும்பியபோது மனைவியே எதிரே வந்தாள்.

"ரெண்டாவதையே வாங்கிடலாங்க. என்ன தெளிவு அந்தக் குரல்ல!"

அவள் சிரித்துப் பேசியதில் வாத்தியாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவளை அலமாரிப் பக்கம் விட்டுவிட்டுப் பில் போடப் போனார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இதுல ஒவ்வொரு ஜோடிக்கும் தனியா கரண்ட் குடுக்கணும். ரெண்டாவதுக்கு சுவிட்ச் போட மறந்துட்டேன். அது இன்னும் பாடவே இல்ல. நான் சொல்றதுக்குள்ள அம்மா ரசிச்சுத் தலையாட்டிட்டாங்க."

வாத்தியார் மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"ஏம்மா..."

குரலை உயர்த்தி மறுபடி கூப்பிட்டார். கடையே திரும்பிப் பார்த்தது, அவளைத் தவிர.

"ரெண்டாவதையே கட்டிக் குடுங்க," என்றார். "அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."