பைக்கை வெளியில் விடுவது எப்படி

சங்கிலியை முன் சில்லில் போடுவதா, பின் சில்லில் போடுவதா என்று பெண் கொடுத்த மாமா கேட்டார்.

பின் சில்லில்தான் என்றேன். முன் சில்லைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், அஸர் தொழுகைக்குப் பிந்திய மாலை நேரம். என் பைக்கை என் கூடப்பிறந்த காக்கா அப்போதுதான் மருதமுனையிலிருந்து ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. பெண் வீடு இருக்கிற சாய்ந்தமருது எங்கள் ஊரிலிருந்து கால் மணித்தியாலப் பயணம்தான். ஆனாலும் இரவில் பைக்கை விடுவதென்றால் வேற்றூர் வேற்றூர்தான்.

எங்கே விடுவது என்று நான் முழித்துக்கொண்டு நின்றபோது மாமாவே வந்து, வீட்டுக்குள் ஹோலில் ஏற்றச் சொன்னார். படியில் பலகை வைத்து, பின்னால் நின்று தள்ளியும் விட்டார். புது மாப்பிள்ளையின் பைக்குக்கே இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்விகள் தொடங்கின.

பைக் பாதுகாப்பு என்று வாயைத் திறந்தால் என்னை யாரும் நிறுத்த முடியாது. மூன்று வருடத்துக்கு முன் கோமாரியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், இரவு தங்கி, காலையில் எழுந்து பார்த்தால் என் முதல் பைக்கைக் காணவில்லை. மணலில் ஸ்டாண்ட் பதிந்த குழி மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் பட்டுத் தெளிவார்கள். நான் பட்டு வாத்தியாராகிவிட்டேன்.

ஆகவே எல்லாவற்றையும் சொன்னேன். பைக்கின் முகம் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பெற்றோல் வழியை மூட வேண்டும். பிளக்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விட வேண்டும். சங்கிலியை நிலத்தில் கிடக்க விடக் கூடாது, கிடந்தால் சுத்தியலால் அடித்து உடைப்பது லேசு. தென்னையில் கட்டினால் சரி, முருங்கையில் கட்டினால் மரத்தோடு போய்விடும்.

மாமாவின் பெயர் கலந்தர். ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிறவர். விடியற்காலை சுபஹுக்கு முன்பே புறப்பட்டுவிடுவாராம். அவருடைய பைக் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மீன் பெட்டி கட்டிய அந்தப் பழைய பைக் ரோட்டோரம் நின்றது. எங்கேயோ புறப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

இத்தனை வருடம் பைக் ஓடிய மனிதர், குர்ஆன் ஓதப் போன பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒருமுறை தன் கையால் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, சாரத்தை மடித்துக்கொண்டு குந்தியிருந்து, என் பைக்கின் பின் சில்லில் சங்கிலியைக் கோத்தார். இரண்டாம் தரம் சரியாக வந்தது.

"மழ பெஞ்சா என்ன செய்ற மகன்?"

சீற்றை விட்டுவிட்டு எஞ்சின் பக்கத்தைப் பொலித்தீனால் மூடச் சொன்னேன். ஹேண்டில் லொக் பழுதான பைக் என்றால் என்ன செய்வது என்றும் கேட்டார். என் லொக் புத்தம்புதிது. இருந்தாலும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுகிற ஆளா நான்? சங்கிலியை இரண்டு சுற்றாகச் சுற்றுங்கள் என்றேன்.

என் பைக் மேல் இவருக்கு எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். அந்த உருக்கத்தில் சங்கிலியையும் பூட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். ஹோலுக்குள் நிற்கிற பைக்குக்கு அது எதற்கு?

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூட அவர் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அல்லாஹ் பறக்கத் செய்வான் மகன்."

சங்கிலியை மீன் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியோடு சேர்த்து ஒரு பாயும் தலையணையும் கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லச் சற்று முன், பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஆகிலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவியாகி மூன்றே நாள். உங்கள் வாப்பாவுக்கு என் சங்கிலி மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று பகிடியாகக் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

வாப்பாவும் உம்மாவும் இன்றையிலிருந்து சந்தைக்குப் பின்னால் இருக்கிற வளவுக் காணியில்தான் படுக்கப் போகிறார்கள் என்றாள். உம்மா பகலே சாமான்களோடு போய்விட்டா. அங்கே புதிதாகக் கட்டுகிற இரண்டு அறைக்கும் கூரை மட்டும்தான் போட்டிருக்கிறது. கதவு இல்லை, மதிலும் இல்லை. வாப்பாவின் பைக் இருபத்திரண்டு வருடமாக இந்த ஹோலில்தான் நின்றது. ஓர் இரவுகூட அவர் அதை வெளியில் விட்டதில்லை, விடவும் தெரியாது.

இது எனக்குத் தெரியாத வழக்கமா? எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெண்ணைக் கொடுத்தவர்கள் வீட்டையும் கொடுத்துவிட்டு வேறிடம் பார்த்துக்கொள்வார்கள். வீட்டு உறுதிப் பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் நிக்காஹ் என்று ஒரே பிடியாக நின்றது என் உம்மா. பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு இருந்தது நான். அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு மனிதர் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே போக வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

ரோட்டுக்கு ஓடினேன். பைக் சந்தியைத் தாண்டிவிட்டிருந்தது.

திரும்பி வந்தபோது ஆகிலா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா வந்த பொறகுதான் நாங்க கேற்றப் பூட்டுற," என்றாள். "இனி எப்ப பூட்டுற?"