நாலு விரல் குறைச்சல்

பழைய வண்டிகள் விற்கும் முற்றத்தில் வெயில் தகரத்தில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. அவள் பிரிட்ஜ் மெக்கானிக், பழுதான பிரிட்ஜுகளை ஏற்றிப்போக வண்டி வாங்க வந்திருக்கிறாள். அளவு பார்க்கத் தன் கடையிலிருந்து தூக்கிவந்த பிரிட்ஜின் காலி அட்டைப்பெட்டியை, பின்சீட்டைக் கழற்றி வேனாக்கிய வெள்ளைக் காருக்குள் நிறுத்தப் பார்க்கிறாள். நாலு விரல் உயரம் போதவில்லை. அட்டை விளிம்பு கூரையில் இடித்து மடங்குகிறது. விற்பவர் அவள் பக்கமே திரும்பவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருகிக்கொண்டிருக்கும் அவள் கணவனிடம் மைலேஜ் கதை அளந்துகொண்டிருக்கிறார். “பாரு, அசல் காரேதான்! கல்யாண வீட்டு வாசல்ல கெத்தா எறங்கலாம்,” என்கிறான் கணவன். “பெட்டி நிக்கலைங்க,” என்கிறாள். “படுக்க வச்சுக்கலாமே சார்,” என்கிறார் விற்பவர், அதையும் அவனிடமே. அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறுகிறது. படுக்க வைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாயில் ஏறி பிரிட்ஜ் கெட்டுவிடும். பிரிட்ஜின் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்று வசவு வாங்கப்போவது இந்த இரண்டு பேருமல்ல. கணவன் குழந்தை மாதிரி ஹாரனை அமுக்கிப் பார்க்கிறான். அவள் பெட்டியை வெடுக்கென்று உருவித் தரையில் போடுகிறாள், புழுதி எழும்புகிறது. முன்பக்கம் வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்குகிறாள். ஹாரன் அடங்குகிறது. “சாருக்கு வண்டி ஓட்டவே தெரியாது,” என்று விற்பவரின் உள்ளங்கையில் சாவியை வைத்து அழுத்துகிறாள். “இப்ப எங்கிட்டப் பேசுங்க.”