தொண்ணூற்றேழாம் பக்கம்

"இனிமே கடைசி அத்தியாயத்தையும் நான்தான் எழுதுவேன் சார்."

பதிப்பாளரின் வாய்க்குப் போன டீ பாதி வழியில் நின்றது.

புத்தகம் தைக்கும் பைண்டர் அண்ணன் முதல் புத்தகம் வந்த அன்றே அவளை எச்சரித்திருந்தார். "லீவு கேளு, ஃபேன் கேளு, புது நாற்காலி கேளு. கடைசி அத்தியாயத்தை மட்டும் கேட்டுடாதே தங்கச்சி." மூன்று வருடம் கேட்காமல்தான் இருந்தாள்.

"ஏம்மா, இப்ப இருக்கற கடைசி அத்தியாயத்துக்கு என்ன குறைச்சல்?"

"பதினொரு புத்தகத்துலயும் அதேதான் இருக்கு சார். அதுதான் குறைச்சல்."

'துப்பறியும் நங்கூரம்' என்பது அந்த வரிசையின் பெயர். நங்கூரம் ஓய்வுபெற்ற மாலுமி. கடற்கரையில் யார் செத்தாலும் அவர்தான் துப்பறிவார். முதல் புத்தகத்தை அவள் முடிக்கும் நேரத்தில் பட்டமளிப்பு விழா வந்தது. அவர்கள் குடும்பத்திலேயே முதல் பட்டம், போகாமல் இருக்க முடியுமா? அந்த இரண்டு நாளில் பதிப்பாளரே கடைசி அத்தியாயத்தை எழுதிவிட்டார். எழுதிய பூரிப்பில், அச்சகத்துக்குக் கொடுத்த சீட்டில் இரண்டாயிரத்துக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் கூடிப்போயிற்று. முதல் தொண்ணூற்றாறு பக்கம் இரண்டாயிரம் பிரதி. கடைசிப் பதினாறு பக்கம் இரண்டு லட்சம் பிரதி.

அன்றிலிருந்து எந்தக் கதையும் அந்தப் பதினாறு பக்கத்தில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டும். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் நங்கூரம் கொட்டும் மழையில் கலங்கரை விளக்கத்தின் கதவைத் தட்டுவார். தொண்ணூற்றேழில் அதன் காவலன் கதவைத் திறந்து, "ஆமாம், நான்தான் கொன்றேன்!" என்று கதறுவான். யாரைக் கொன்றான் என்று எழுதப் பதிப்பாளர் மறந்திருந்ததால் எல்லாக் கதைக்கும் பொருந்தியது. மீதிக் கட்டுகள்தான் அந்த அலுவலகத்தின் மேஜை, பெஞ்ச், அலமாரி. அவள் மூன்று வருடமாகக் கொலைகாரன் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறாள்.

"வாசகர் யாராவது குறை சொன்னாங்களா? நம்ம வாசகர் பஸ்ல படிக்கறவர்மா. கடைசி அத்தியாயம் வர்றதுக்குள்ள அவர் இறங்கற இடம் வந்துடும்."

"எங்கம்மா பஸ்ல படிக்கலையே. அவங்களுக்கு எழுத்தே தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டறேன். பக்கத்து வீட்டு அக்காங்களும் வந்து உக்காருவாங்க. போன தடவை முதல் வரியை ஆரம்பிச்சேன். 'லைட்ஹவுஸ்காரன்தானே?'ன்னு அம்மா எழுந்து துணி காயப்போடப் போயிட்டாங்க. 'இதுக்காடி பட்டம் வாங்கினே'ன்னு ஒரு அக்கா கேக்கறாங்க. என் பேர் போட்ட புத்தகம் சார். ஒரு தடவையாவது அவங்க கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கணும்."

"அந்தக் கதறல் இருக்கு பாரு, அதை எழுதும்போது நானே அழுதுட்டேன்."

"படிக்கும்போது நானும் அழறேன் சார்."

"பொறுத்துக்கம்மா. இன்னும் எண்பத்தெட்டே புத்தகம். அப்புறம் நீயே எழுதிக்கோ."

"அதுக்குள்ள எனக்குப் பேத்தி பொறந்துடும்."

பதிப்பாளர் பேச்சை மாற்றினார். "அதை விடு. பன்னிரண்டாவது ரெடியா? முதல் பக்கத்துலயே பிணம் விழுந்துச்சா?"

"முதல் வரியிலயே."

"சபாஷ். மழை?"

"கொட்டுது."

"நங்கூரம் கதவைத் தட்டறாரா?"

"தட்டறாரு சார். ரொம்ப நேரமா தட்டறாரு."

"லைட்ஹவுஸ்காரன் கடைசி வரைக்கும் ஊர்ல இருக்கான்ல? ஏழாவது புத்தகத்துல நீ அவனுக்குக் கல்யாணம் பண்ணி வெளியூர் அனுப்பப் பார்த்தவ."

"இந்தத் தடவை எங்கயும் போகமாட்டான். அசையக்கூட மாட்டான்."

படியேறி வந்த பைண்டர் அண்ணன் பன்னிரண்டாவதின் ஒரு பிரதியை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், ரெண்டாயிரமும் ஏத்தியாச்சு. வண்டி கிளம்பட்டுமா?"

"ஒரு நிமிஷம் அண்ணே," என்றாள். "சார், இதுக்கு மட்டுமாவது வேற முடிவு எழுதித் தரேன். இன்னிக்கே தரேன். பிரிச்சுத் தைச்சுக்கலாம். வண்டியை நிறுத்துங்க."

"நிறுத்தறதா? என் அத்தியாயத்தைப் பிரிக்கறதுக்கா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கிளம்பட்டும்யா வண்டி! நாலு எழுத்துப் படிச்சுட்டா போதும், தலைகால் புரியறதில்ல இவங்களுக்கு."

பைண்டர் அண்ணன் அவளைப் பார்க்காமல் படியிறங்கினார். கீழே வண்டி உறுமிக் கிளம்பி, தெரு முனையில் ஹாரன் அடித்து மறைந்தது. அதுவரை அவள் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ராஜினாமா. போன வாரத் தேதி போட்டிருந்தது.

"நாலு எழுத்து இல்ல சார், பன்னிரண்டு புத்தகம். வர்றேன்."

"போ, போ! நாளைக்கே வந்து அந்தக் கட்டு மேல உக்காரப்போறே!"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "ஒருநாளாவது முதல் வரியையும் படிங்க சார்."

அவள் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கியது. பதிப்பாளர் வழக்கம்போல் நேராகத் தொண்ணூற்றேழாம் பக்கத்துக்குப் போனார். காவலன் கதவைத் திறந்தான், கதறினான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், மூன்று வருடத்தில் முதல்முறையாக, முதல் பக்கத்தைத் திருப்பினார்.

'கலங்கரை விளக்கக் காவலனின் பிணம் காலை ஆறு மணிக்குக் கரை ஒதுங்கியது.'