மதகுக்காரருக்கு ஒரு பாராட்டு

‘யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல்’ என்ற இடத்தில் கவுன்சிலர் அக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் குடித்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

நகர்மன்றத்தில் பாராட்டுத் தீர்மானம் என்றால், பாராட்டப்படுகிறவர் குடியிருக்கும் வார்டின் உறுப்பினர்தான் முன்மொழிய வேண்டும். அது அந்த மன்றத்தின் வழக்கம். அதனால் இந்த வேலை அவர் தலையில் விழுந்தது.

பாராட்டப்படுகிறவர் ஆற்று மதகைத் திறந்து மூடும் வேலையில் இருப்பவர். எல்லோருக்கும் அவர் மதகுக்காரர்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசை நாற்காலியின் நுனியில், எப்போது எழுந்திருக்கச் சொல்வார்களோ என்பது போல உட்கார்ந்திருந்தார்.

அக்கா விட்ட இடத்திலிருந்து வாசித்தார். வெள்ளம் வந்த அன்று, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், தாமே முடிவெடுத்து மதகைத் திறந்தார். மருத்துவமனையும் கடைவீதியும் பிழைத்தன. திறந்துவிட்ட தண்ணீர் தாழ்வான வார்டுக்குள் போகும் என்பதும், தன் வீடு அங்கேதான் இருக்கிறது என்பதும் தெரிந்தே திறந்தார்.

மன்றம் மேசையைத் தட்டியது. டீயில் சர்க்கரை குறைந்தாலே வெளிநடப்புச் செய்யும் எதிர்க்கட்சி உறுப்பினர்கூடத் தட்டினார். எப்போதும் தூங்கும் மூத்த உறுப்பினர் சத்தத்தில் விழித்து, எதற்கென்று தெரியாமலே கையைத் தூக்கினார்.

பார்வையாளர் வரிசையில் மட்டும் ஒருவரும் கை தட்டவில்லை. அங்கே இருந்தவர்கள் அக்காவின் வார்டுக்காரர்கள். வீடு முழுகி, சாமான் எல்லாம் போன கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் உயிர் தப்பியது. எல்லோரும் நேரத்தோடு பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிட்டார்கள். நீங்கள் முன்னால் போங்கள், இதோ வருகிறேன் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு உள்ளேயே இருந்துவிட்ட ஒருவரைத் தவிர.

அது மதகுக்காரரின் அம்மா.

பெற்றவளையே முக்கிவிட்டுக் கேடயம் வாங்க வந்திருக்கிறான் என்று யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான். முன்வரிசை வரைக்கும் கேட்டது. மதகுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காதான் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏனென்றால், மதகுக்காரர் கேட்டுவிட்டுத்தான் திறந்தார்.

அன்று பொறியாளருக்குப் போன் போகவில்லை. தண்ணீர் கரையின் விளிம்புக்கு வந்துவிட்டது. மதகுக்காரர் அக்காவை அழைத்தார். வார்டு காலியா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். அம்மா போனை எடுக்கவில்லை என்றார். கொஞ்சம் விட்டு, அதையே மறுபடியும் சொன்னார்.

அக்கா தெருமுனையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். அந்த வார்டில் வெள்ளத்துக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். சாத்திய கதவென்றால் உள்ளே ஆள் இருக்கிறது, போய்த் தட்ட வேண்டும். திறந்த கதவென்றால் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அக்காவே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு.

தெரு நெடுகப் பார்த்தார். எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. மதகுக்காரர் வீட்டுக் கதவும்.

உன் வீடும் காலிதான் தம்பி, தைரியமாகத் திற என்று சொன்னார்.

அந்தப் பேச்சைப் பற்றி மதகுக்காரர் இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்காவும் விடவில்லை. இன்றைக்கு இந்த மைக்கில் சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடிதான் வந்திருந்தார். நான் சொல்லித்தான் திறந்தார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

வாய் வரை வந்தது. பார்வையாளர் வரிசையைப் பார்த்தார். மென்று விழுங்கினார்.

‘முன்மொழிகிறேன்’ என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

தலைவர் கேடயத்தைக் கொடுத்தார். போட்டோவுக்காக ஒருமுறை திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். மதகுக்காரர் மைக்கிலிருந்து தள்ளியே நின்றார். தலைவரைப் பார்க்கவில்லை, தன் வார்டுக்காரர்களைப் பார்த்துத்தான் பேசினார்.

“நான் யாரையும் கேக்கல. நானாத்தான் தொறந்தேன்.”

தலைவருக்கு அந்த அடக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த பொருளாகக் குப்பை லாரிக்கு டயர் வாங்குவதை எடுத்துக்கொண்டார்கள்.

கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போகும் வழியில், மதகுக்காரர் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார். ஆறுதல் சொல்ல வேண்டியவர் அக்கா. சொன்னது அவர்.

“நான் வேலைக்குப் போற நாள்ல அம்மா கதவைச் சாத்தவே மாட்டாங்கக்கா. எந்நேரம் வந்தாலும் நான் தட்டிக்கிட்டு நிக்கக் கூடாதாம். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்க.”

அக்கா தலையை ஆட்டினார்.

அவருக்குத் தெரியும்.

தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டுப் போனபோது, இருட்டின பிறகும் அந்தக் கதவு ஆவென்று திறந்துதான் கிடந்தது. திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அக்காதான் கேலி செய்தார். வந்தால் வரட்டும், என் பிள்ளை வெளியில் நிற்கக் கூடாது என்று அந்த அம்மா சிரித்தார். ஓட்டு உனக்குத்தான், கவலைப்படாமல் போ என்றும் சொன்னார்.

தெருமுனையில் போனும் கையுமாக நின்றபோது, அது நினைவுக்கே வரவில்லை.