சங்கத் தலைவரின் வண்டி

"மனுசன் பொய் சொல்லுவான், மிசின் சொல்லாது" என்று மந்திரம் போல ஓதினார் மெக்கானிக் குப்புராஜ். பிறகு நின்றுபோன லாரியில் மாட்டிய ஸ்கேனர் காட்டிய கோளாறு எண்ணுக்கு அர்த்தம் கேட்க மச்சானுக்குப் போன் போட்டார்.

"இன்ஜின் சூடாம்."

ஆவி பறந்தபோதே அது டிரைவர் மாரப்பனுக்குத் தெரியும். சென்சாரை மாற்றினார்கள். லாரி கொஞ்ச தூரம் ஓடி, அதே எண்ணைக் காட்டி மறுபடி நின்றது. பின்னால் பெட்டிகளில் இருந்த கோழிக்குஞ்சுகளின் கத்தல், வெயில் ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்தது.

"நேத்துவரைக்கும் நல்லாத்தானுங்ணா ஓடுச்சு. குஞ்சுக சத்தம் கொறஞ்சுட்டே வருதுங். ஏதாச்சும் பண்ணுங்ணா."

"வயரிங்கா இருக்கும். பொறு மாரப்பா."

முதலாளி போனில் வந்தார். லாரி உரிமையாளர் சங்கத் தலைவராக நேற்றுத்தான் ஜெயித்தவர்.

"குஞ்சு கெடக்குது உடு. முன்னால கட்டுன என்ற பேனரு கசங்காம இருக்குதா?"

"இருக்குதுங் மொதலாளி."

மாரப்பன் வண்டிக்கு முன்னால் போய், பேனரில் கைகூப்பிச் சிரித்த முதலாளியின் முகத்தைத் துண்டால் துடைத்தான். தளர்ந்திருந்த கயிற்றை இழுத்து இறுக்கினான். பெட்டிகளில் இப்போது ஒரு சத்தமும் இல்லை.

பேனர், காற்றுப் புகாதபடி ரேடியேட்டரை முழுக்க மூடியிருந்தது.