கசடு ஊற்றிய தொட்டி

தொட்டியிலிருந்து எடுத்த மாதிரிக் குப்பியின் மூடியைத் திறந்ததும் எபினேசர் வழக்கம்போல அதை முதலில் பரத் சாரிடம்தான் நீட்டினான்.

பரத் இரண்டடி பின்னால் போனார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம். வெளியே தெரிந்தது மூக்குக்கண்ணாடி மட்டும்.

"எங்கிட்ட காட்டாதீங்கண்ணா. காலையிலேர்ந்து கொமட்டுது. நீங்களே மோந்து சொல்லுங்க."

கொமட்டலுக்குக் காரணம் தொட்டிக்குள் போயிருந்த கசடு. சமையல் எண்ணெயைச் சுத்தம் செய்யும் ஆலைகள் கழித்துப்போடும் பழுப்புக் குழம்பு. ஆன்டிபயாடிக் சுரக்கும் கிருமிக்கு அதைத் தீனியாகக் கொடுத்தால் இன்னும் அதிகம் சுரக்கும் என்று பரத்தான் மேலே மல்லுக்கட்டி அனுமதி வாங்கியிருந்தார். கும்மிடிப்பூண்டியில் அவர்கள் கம்பெனிக்கு இதுதான் முதல் சோதனை.

நல்ல தொட்டி, மழையில் நனைந்த மண்போல மணக்கும். வேண்டாத கிருமி புகுந்தால் புளிக்கும். லேப் முடிவு வரச் சாயங்காலம் ஆகும், அதுவரை மோப்பம்தான். புளித்திருந்தால் உடனே வடித்துவிட வேண்டும். விட்டால் பக்கத்துத் தொட்டிகளும் நாசம்.

நல்லதைக் கெட்டது என்றாலும் கெட்டதை நல்லது என்றாலும், எபினேசர் பழையபடி தேர்வாய் கண்டிகையில் ஒப்பந்தக் கூலியாய் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

சுற்றிலும் பார்த்தான். ஹெல்பர் முனுசாமி கண்வரைக்கும் துண்டைச் சுற்றியிருந்தான். ஒரு முகமும் தெரியவில்லை.

"அண்ணன பாரு சார். துணிகூட கட்டாம நிக்குது. இரும்பு மூக்கு!" என்றான் முனுசாமி.

எபினேசர் குப்பியை மூக்கடியில் வைத்து நன்றாக இழுத்தான். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றான்.

"நல்லாகீது சார். ஓடட்டும்."

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. லேப் வாசலுக்கும் தொட்டிக்குமாக நடந்தான்.

வெயில் சாயும்போது லேபிலிருந்து திலகவதி மேடம் இரும்புப் படியில் தடதடவென்று ஏறி வந்தார்.

"தொட்டி சுத்தம் சார்! மருந்தும் எப்பவும் வர்றத விட ஜாஸ்தி!"

பரத் எபினேசரைக் கட்டிப்பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எபினேசர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, சத்தம் போட்டுச் சிரித்தான்.

வீட்டு வாசலிலேயே அவன் மனைவி சாராள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"யோவ், உள்ள வராத! இன்னாய்யா இது, எலி செத்த மாதிரி நாறிக்கினு வர்ற!"

சுளித்த அந்த முகத்தை எபினேசர் ஆசையோடு பார்த்தான்.

"அவ்ளோவா?"

சட்டையைக் கழற்றி முகத்தில் அழுத்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ஒன்றுமே இல்லை. கொரோனாவில் போன மோப்பம் போனதுதான்.

நாளைக்குக் குப்பியைத் திறக்கும்போது, முகத்தை மூடாத ஒருத்தனைப் பக்கத்தில் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.